ஒரே படம்

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் குக் ஜே-ஹுன் ஒரு வித்தை காட்டுவார். அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். வந்தவரின் போனில் இருக்கிற ஏதாவது ஒரு நாடகக் காட்சியை வாங்கி, ஓரத்தை வெட்டி, நிறத்தை மாற்றி, இடம் வலமாகத் திருப்பி, மூலையில் ஒரு பூனைப் படத்தையும் ஒட்டி, எங்கள் இயந்திரத்திடம் கொடுப்பார். இன்ன நாடகம், இத்தனையாவது பகுதி என்று அது கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். குக்கும் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பவர் மாதிரி சிரிப்பார். நான் அந்த நேரம் பார்த்துக் காபி எடுக்கப் போய்விடுவேன். வருஷக்கணக்காக ஒரே பூனையைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஒரு வீடியோ அசலா, வேறொன்றின் நகலா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. படத்தின் ஒவ்வொரு நொடியையும் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாகச் சுருக்கி, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்வோம். இதைக் கைரேகை என்போம். இரண்டு வீடியோக்களின் கைரேகை ஒத்துப்போனால் ஒன்று மற்றதன் நகல்.

நாடகம் திருடுகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிடிபடாமல் இருக்கக் குரலை மாற்றுவார்கள், மேலே பாட்டைப் போடுவார்கள். படத்தின் தலையிலும் வாலிலும், அதாவது ஆரம்பத்திலும் முடிவிலும், சூதாட்ட விளம்பரத்தை ஒட்டுவார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். சத்தத்தைக் கணக்கில் எடுக்காதே, தலையையும் வாலையும் விட்டுவிடு, நடுவில் இருக்கிற படத்தை மட்டும் பார். அதற்குப் பிறகு ஒரு திருடனும் தப்பவில்லை. பரிசு கிடைத்தது. எங்கள் தேஜோன் நகரமே கைதட்டியது என்று குக் சொல்வார். கைதட்டியது எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி.

அந்த முறையை ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஜனங்கள் தங்கள் வீடியோக்களைக் கொண்டுபோய்ப் போட்டு வைக்கிற சேமிப்புக் கிடங்கு நடத்துகிற நிறுவனம் அது. அவர்களுக்குத் திருடனைப் பற்றிக் கவலையில்லை, இடத்தைப் பற்றித்தான் கவலை. ஒரே கல்யாண வீடியோவைச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடலாம். யார் திறந்தாலும் அந்த ஒன்றே ஓடும். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

ஏப்ரல் மாதம், செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்த பிறகு, ஒரு மனிதர் வாசலில் வந்து நிற்பதாகக் கீழேயிருந்து போன் வந்தது. குக் ஊரில் இல்லை. நான் போனேன். கையில் பழச்சாறு பாட்டில் பெட்டியோடு நின்றிருந்தார். சட்டை அப்படி ஒரு மடிப்போடு இருந்தது. பெயர் பியோ குவாங்-சிக், பக்கத்து ஊர் ஒக்சோனில் சலவைக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். சேமிப்புக் கிடங்கு நிறுவனத்துக்குப் பல தடவை போன் செய்தாராம். நீங்கள்தான் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறீர்கள் என்று அவர்கள் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். கண்டுபிடிக்கிற இயந்திரம் எங்களுடையது என்று எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார்.

அவர் மனைவி நாம்-ஹீ புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். மகள் யே-சோலுக்கு அப்போது ஆறு வயது. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே மகளின் பிறந்தநாட்களுக்கு என்று வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். ஏழாவதுக்கு ஒன்று, எட்டாவதுக்கு ஒன்று, இப்படி இருபது வரைக்கும். அந்தந்தப் பிறந்தநாளில்தான் திறக்க வேண்டும், முன்னால் எட்டிப் பார்த்தால் கனவில் வந்து உதைப்பேன் என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். போனில் இடமில்லாததால் ஒவ்வொன்றும் கிடங்குக்குப் போனதும் போனில் அழிந்துவிட்டது.

ஏழாவது பிறந்தநாளில் அப்பாவும் மகளும் திறந்து பார்த்திருக்கிறார்கள். "யே-சோல், கடற்பாசி சூப் சாப்பிட்டியா?" என்று நாம்-ஹீ ஆரம்பித்திருக்கிறாள்; பிறந்தநாளன்று எங்கள் ஊரில் எல்லாரும் குடிக்கிற சூப் அது. பள்ளிக்கூடம் பற்றி, ஷூ கயிறு கட்டுவது பற்றி, அப்பாவின் சமையலைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பது பற்றிப் பேசியிருக்கிறாள். அந்த வருஷம் முழுக்கக் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எட்டாவது பிறந்தநாளுக்காக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது.

எட்டாவதைத் திறந்தால் அதே வீடியோ. அதே ஷூ கயிறு.

"அம்மா மறந்து ஒண்ணையே ரெண்டு தடவை போட்டுட்டா போலன்னு சமாளிச்சேன் மேடம். பொண்ணு படுக்கப் போகும்போது கேட்டா. 'அப்பா, அம்மாவுக்கு என்கிட்ட சொல்றதுக்கு வேற ஒண்ணுமே இல்லையா?'ன்னு."

சத்தியத்தை மீறி அவர் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாராம். இருபது வரைக்கும் அதே ஒன்றுதான். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நாம்-ஹீ நிஜமாகவே ஒரே வீடியோவைத்தான் போட்டாளா? வலி மருந்தின் மயக்கத்தில் அப்படிச் செய்துவிட்டாளா? வேறு வீடியோக்கள் இருந்தால் அவை எங்கே?

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அவர் போன பிறகு அந்தப் பழச்சாறுப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. பதில் என்னவாக இருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும்.

நகலை அழித்தாலும் கைரேகையை அழிக்க மாட்டோம். அடுத்த நகல் வந்தால் பிடிக்க வேண்டுமே. நிறுவனத்திடம் அந்தக் கணக்கின் கைரேகைகளை வாங்கி, சுங்-ஆவோடு உட்கார்ந்து பார்த்தேன். சுங்-ஆ எங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவள். ஒன்றும் மற்றதும் ஒரே நீளம் இல்லை. ஒன்று சட்டென்று முடிகிறது, இன்னொன்று நீண்டுகொண்டே போகிறது. ஒரே வீடியோவாக இருந்தால் நீளம் மாறாது. ஆனால் ஏழாவது வீடியோவில் பார்த்த அதே கட்டில், அதே ஜன்னல், அதே ஆஸ்பத்திரி உடுப்பு, தலையில் அதே கம்பளித் தொப்பி, சாப்பாட்டுப் பலகையில் ஒரே இடத்தில் சாய்த்து வைத்த போன். நகர முடியாத ஒருத்தி வேறு எப்படி எடுப்பாள்? படம் ஒன்று, பேச்சு வேறு. நாங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தோமே. எங்கள் இயந்திரம் முதலாவதை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நகல் என்று சொல்லி அழிக்கக் கொடுத்துவிட்டது.

"அக்கா, இதுல ஒண்ணு கூட நகல் இல்லக்கா," என்றாள் சுங்-ஆ. அவள் எழுந்து போய் வெகுநேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

குக் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் காட்டினேன். நாற்காலியில் உட்காராமலே பார்த்தார். நிறுவனத்தின் சட்டப் பிரிவு ஏற்கெனவே அவரைப் பிடித்து, வாடிக்கையாளரிடம் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, படம் ஒன்றுதான் என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அப்ப நீங்களே போய் அந்தாளு கிட்ட சொல்லுங்க சார். உங்க பொண்டாட்டி பேசினது எல்லாம் ஒண்ணுதான்னு. அந்தப் பூனையையும் கூடவே எடுத்துட்டுப் போங்க."

குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் நிறுவனத்துக்குப் போய்ச் சண்டை போட்டது அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அழித்ததை எங்காவது மீட்க முடியுமா என்று அவர்களுடைய கிடங்கைக் குடைந்து பார்க்க வைத்தார். ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த இடத்தில் யார் யாருடையதோ கல்யாணமும் நாய்க்குட்டியும் உட்கார்ந்திருந்தன.

நிறுவனம் வேறொரு வழி சொன்னது. ஏழாவது வீடியோவில் நாம்-ஹீயின் முகமும் குரலும் இருக்கின்றன. அதை வைத்து மற்ற பிறந்தநாள் வீடியோக்களைச் செயற்கையாகச் செய்து தருகிறோம், செலவு எங்களுடையது, வித்தியாசமே தெரியாது என்றார்கள். போலி வீடியோக்களைக் கண்டுபிடிக்கிற வேலையும் எங்கள் ஆய்வகத்தில் நடக்கிறது. அவர்கள் செய்து தந்தால் அதைப் போலி என்று முதலில் காட்டிக்கொடுக்கப் போவதும் எங்கள் இயந்திரமாகத்தான் இருக்கும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் முடிவு செய்ய வேண்டியவர் குவாங்-சிக்தானே.

குவாங்-சிக் இரண்டாம் தடவை வந்தபோது நானும் குக்கும் சேர்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். சட்டப் பிரிவு சொன்னதைக் குக் குப்பையில் போட்டுவிட்டார். எழுந்து நின்று, தலை மேஜையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

குவாங்-சிக் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் வந்தது நிம்மதி. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப அவ புத்தி தெளிவாத்தான் இருந்திருக்கா. எல்லாத்தையும் பேசியிருக்கா," என்றார். கொஞ்ச நேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "சந்திரப் புத்தாண்டுப் படையல்ல அவ போட்டோ முன்னாடி சாப்பாட்டை வெச்சுட்டு நான் அவளைத் திட்டினேன் மேடம். குழந்தை கேட்டதுக்கு நான் என்னடி பதில் சொல்றது, வேற நாலு வார்த்தை கூடவா உனக்குக் கெடைக்கலன்னு. பாவம், வாங்கிக் கட்டிக்கிட்டா."

நிறுவனம் செய்து தருவதாகச் சொன்னதையும் சொன்னேன். அவர் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு ஆசை வந்தது முகத்திலேயே தெரிந்தது.

"அவ என்ன பேசணும்னு யாரு எழுதுவாங்க?"

யாராவது எழுதுவார்கள், விரும்பினால் நீங்களே எழுதலாம் என்றேன்.

"இருபது வயசுல என் பொண்ணு இதைக் கண்டுபிடிச்சிடுவா மேடம். அன்னைக்கு அந்த ஏழாவது வீடியோவும் அவளுக்குப் பொய்யாயிடும். இருக்கிற அந்த ஒண்ணையும் நான் ஏன் கெடுக்கணும்?" பிறகு, எதுவுமே மிஞ்சவில்லையா, நிழல் மாதிரியாவது, என்று கேட்டார்.

கைரேகை இருக்கிறது என்று சொன்னேன். அதில் முகமில்லை, குரலில்லை, வாய் அசைவதுகூடத் தெரியாது, வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள் என்றேன். பரவாயில்லை, காட்டுங்கள் என்றார்.

முதலில் ஏழாவது வீடியோவையும் அதன் கட்டங்களையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று, அதில் கட்டங்கள் வெளுத்தும் கறுத்தும் மினுங்கிக்கொண்டிருந்தன. மேலே வெளுப்பாக இருப்பது ஜன்னல், நடுவில் கறுப்பாக இருப்பது தொப்பி, கீழே வெளுப்பு போர்வை. சட்டையில் எண்ணெய்க் கறையா மைக் கறையா என்று பார்க்கிறவர் மாதிரி அவர் குனிந்து பார்த்தார். வீடியோவின் முடிவில் நாம்-ஹீ போனை நிறுத்த முன்னால் குனிவாள். கட்டங்கள் எல்லாம் இருண்டு, ஓட்டம் நிற்கும்.

அப்புறம் எட்டாவது. ஒன்பதாவது. அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தார். தொப்பிக் கட்டம் ஒரு பக்கமாகச் சரிந்தால் சிரிக்கிறாள், அவள் சிரித்தால் தலை இடது பக்கம் போய்விடும் என்றார். போர்வையின் மேல் ஏதோ நிழல் போய் வந்தால் தண்ணீர் குடிக்கிறாள் என்றார். பதினைந்தாவதில் அவள் நீண்ட நேரம் அசையவே இல்லை.

இருபதாவது எல்லாவற்றிலும் நீளம். நடுவில், பலகையின் இடது ஓரத்தில் இருந்த கட்டங்கள் மட்டும் மேலிருந்து கீழ்வரை சட்டென்று வெளுத்தன. உடனே எல்லாக் கட்டங்களும் இருண்டன. இருட்டு நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தது. பதிவில் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் நிறுத்தப் போனேன்.

அவர் என் கையைப் பிடித்துவிட்டார். "நிறுத்தாதீங்க. அந்தப் பக்கம்தான் கதவு. கதவு தொறக்குது." அவர் இன்னும் கிட்டே குனிந்தார். "அது நான் மேடம். நான்தான் உள்ள வர்றேன்."

இருட்டு முடிந்த பிறகு அவர் சொன்னார். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாராம். அவள் போனை வெடுக்கென்று எடுத்து நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டாளாம். யாருக்குப் போன் என்று கேட்டாராம். "உனக்கு என்ன இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம், யே-சோல் அப்பா? போய்க் கஞ்சியைச் சூடு பண்ணிட்டு வா" என்று விரட்டினாளாம். போன் அப்போது ஓடிக்கொண்டிருந்தது என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. அழிந்துபோன வீடியோக்களில் நாம்-ஹீ பேசியதில் இனி யாருக்காவது தெரிந்த வார்த்தைகள் அவைதான். மகளின் இருபதாவது பிறந்தநாளுக்கு அவள் சொல்ல வந்ததை அவரே கதவைத் திறந்து பாதியில் நிறுத்தியிருக்கிறார். அவர் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார். குக் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தலையையும் வாலையும் விட்டுவிடு என்று நாங்கள் முடிவு செய்திருந்ததைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் அந்த இருட்டு வெவ்வேறு நீளத்தில் இருந்தது. சிலவற்றில் அவள் சட்டென்று நிறுத்தியிருக்கிறாள், சிலவற்றில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்த மனமில்லாமல் இருந்திருக்கிறாள். அதைப் பார்த்திருந்தாலே போதும், இவை நகல் இல்லை என்று எங்கள் இயந்திரம் சொல்லியிருக்கும்.

கட்டங்களை எல்லாம் அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு குக் விருந்தாளிகளுக்கு அந்த வித்தையைக் காட்டவில்லை. சுங்-ஆ இயந்திரத்துக்குக் காது வைக்கிற வேலையில் இறங்கினாள். குடும்ப வீடியோக்களில் எதையும் அழிக்கும் முன் மனுஷக் கண் ஒன்று பார்க்க வேண்டும் என்று குக் எழுதிக் கொடுத்தார். நிறுவனம் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது. எல்லாம் நல்லதுதான். யே-சோலுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஜனவரியில் அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்கு என்னை வரச் சொல்லி குவாங்-சிக் கூப்பிட்டார். போகவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். சலவைக் கடைக்குப் பின்னால்தான் வீடு. குளிருக்காக அடியில் சூடேற்றிய தரை கணகணவென்று இருந்தது, கதவு இடுக்கில் நீராவி வாசனை வந்தது. கடற்பாசி சூப்பில் உப்பு ஏகத்துக்கும் இருந்தது. சமையலைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நாம்-ஹீ சொல்லியிருந்ததால் நானும் யே-சோலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடித்தோம்.

அவளிடம் அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அம்மா என்ன சொன்னாங்கன்னு உங்க மெஷினுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"அப்ப அதுக்கு என்னதான் தெரியும்?"

நான் அந்தத் தொழிலில்தான் தலை நரைத்தேன். "இதுல இருக்கிறது உங்கம்மாதான்னு தெரியும்," என்றேன்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, போனைச் சூப் கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தி ஒன்பதாவதை ஓடவிட்டாள். சாம்பல் கட்டங்கள் மினுங்கத் தொடங்கின. குவாங்-சிக் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

"சாப்பிட்டேன்மா," என்றாள் யே-சோல் கட்டங்களைப் பார்த்து.

தொப்பிக் கட்டம் இடது பக்கம் சரிந்தபோது அவளும் சிரித்தாள். அடுப்பங்கரையில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"அப்பா, சத்தம் போடாதீங்க. அம்மா பேசிட்டிருக்காங்க."

குவாங்-சிக் குழாயை மூடினார்.